சொல்லாத வார்த்தைப்பாடு

கிளியனூர்
20 ஜனவரி 2024

என் அன்பு மகள் ஜெசிக்கு,

அப்பா எழுதுகிறேன். ஆண்டவர் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாராக. இங்கே நானும் அம்மாவும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை. மாடிப்படி ஏறாதே என்றால் கேட்கிறாளா? பொங்கலுக்கு மறுநாள் தண்ணீர்த் தொட்டியைக் கழுவுகிறேன் என்று ஏறிப் போய், கீழே நிற்கும் எனக்கு அங்கிருந்தே புத்தி சொல்கிறாள்.

உன் கடிதம் வந்தது. ஒரு பக்கம்கூட இல்லை. பயிற்சி ஆண்டில் போன் கூடாது என்பது உங்கள் சபையின் விதி, அதை மதிக்கிறேன். கடிதத்துக்குமா அளவு வைத்திருக்கிறார்கள்? சாப்பாடு எப்படி, தூக்கம் எப்படி என்று நாலு வரி எழுதினால் அம்மாவுக்குப் படித்துக் காட்ட எனக்கும் ஏதாவது இருக்கும்.

மே மாதம் நீ முதல் வார்த்தைப்பாடு கொடுத்துக் கன்னியராகிறாய் என்று பங்குச் சாமியார் பூசையிலேயே அறிவித்துவிட்டார். "நம் உபதேசியாரின் மகள், இந்த ஊரிலிருந்து போகும் முதல் கன்னியர்" என்று அவர் சொன்னதும் ஜனங்கள் கைதட்டினார்கள். பூசைக்குள் கைதட்டாதீர்கள் என்று சொல்லுகிற நான், அன்றைக்கு யாரையும் தடுக்கவில்லை. விழுப்புரத்துக்கு வர வேன் பேசியாகிவிட்டது. ரோட்டு முனையில் பேனர் வைக்க உன் படம் ஒன்று வேண்டும், வெள்ளை உடுப்பில் எடுத்தது. நல்லாயன் ஞாயிறன்று இறையழைத்தலைப் பற்றி என்னையே பேசச் சொல்லியிருக்கிறார் சாமியார்.

பக்கத்து வீட்டு விருத்தாசலம் நேற்று என்னை நிறுத்தி, "உபதேசியாரே, இனிமே ஜெசியப் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாதா? சிஸ்டர்னுதான் சொல்லணுமா?" என்று கேட்டார். நான் சிரித்தேன். உள்ளுக்குள் எவ்வளவு குளிர்ந்தது என்று உனக்குத்தான் எழுத முடியும்.

மல்லாட்டை விதைப்பு முடிந்தது. ஜெபத்தில் எங்களை நினைத்துக்கொள்.

உன் அப்பா,
இருதயநாதன்


விழுப்புரம்
4 பிப்ரவரி 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்களுக்கும் அம்மாவுக்கும் ஜெசியின் முத்தங்கள். இந்தக் கடிதம் ஒரு பக்கத்தில் முடியாது, அதனால் உங்கள் குறை தீர்ந்தது. சாப்பாடு நன்றாக இருக்கிறது. தூக்கம் கொஞ்ச நாளாகத்தான் நன்றாக வருகிறது. அது ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அதற்கு முன்னால் ஒரு சேதி. போன மாதம் எங்கள் ஆழ்துளைக் கிணற்று மோட்டார் எரிந்துபோனது. பழுது பார்க்கக் கூட்டேரிப்பட்டிலிருந்து வெற்றிச்செல்வன் அண்ணனும் அவர் மனைவி ஷாலினி அக்காவும் வந்தார்கள். மோட்டாரைப் பிரித்து, கருகிப்போன செம்புக் கம்பியை எல்லாம் உருவி எடுத்துவிட்டு, புதுக் கம்பியைச் சுருள் சுருளாகச் சுற்றிக் காயில் கட்டினார்கள். காயில் கட்டியது அக்காதான். கம்பியைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் என்றார்கள், நான் போனேன். கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டேன். "கேட்டுக்கினே இருந்தா எப்படி? உக்காந்து சுத்து" என்று கடைசிக் காயிலை என்னிடமே கொடுத்துவிட்டார்கள். சுற்றினேன். சாயங்காலம் குழாயில் தண்ணீர் வந்தபோது நான் குதித்த குதியைப் பார்த்து மற்ற பிள்ளைகள் இன்னமும் கேலி பண்ணுகிறார்கள்.

அப்பா, இனி எழுதுவதை உட்கார்ந்து படியுங்கள்.

நான் மே மாதம் வார்த்தைப்பாடு கொடுக்கப் போவதில்லை. வீட்டுக்கு வரப் போகிறேன்.

இது மோட்டாரால் வந்த முடிவு இல்லை. அதற்கு முன்னாடி, நவம்பரிலேயே எங்கள் பயிற்சி சிஸ்டரிடம் சொல்லிவிட்டேன். அவசரப்படாதே, கிறிஸ்துமஸ் முடியட்டும், ஜெபம் பண்ணு என்றார்கள். பண்ணினேன். பதில் மாறவில்லை. போன வாரம் மறுபடி போய் நின்றேன். "உன்ன அனுப்ப எனக்கு மனசில்ல ஜெசி. ஆனா இது உன் எடம் இல்லன்னு உனக்கே தெரிஞ்ச பிறகு உன்னப் பிடிச்சு வைக்க எனக்கு உரிமையும் இல்ல" என்று சொல்லிக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

இங்கே என்மேல் யாருக்கும் ஒரு குறையும் கிடையாது. சொன்னதைச் செய்வேன், சிரிக்கிற இடத்தில் சிரிப்பேன். எல்லாருக்கும் பிடித்த பிள்ளை நான்தான். ஆனால் அந்தப் பிள்ளை யார் என்று எனக்கே தெரியவில்லை அப்பா. பத்தாவது படிக்கும்போது "ஜெசி கன்னியராகப் போகிறாள்" என்று ஊரே சொன்னது, நானும் சேர்ந்து சொன்னேன். இங்கு வந்து மௌனமாக உட்கார்ந்த பிறகுதான் என் குரல் எது, ஊர்க் குரல் எது என்று பிரித்துக் கேட்க முடிந்தது.

இன்னொன்றைத் தனியாக எழுதுகிறேன், எல்லாரும் முதலில் அதைத்தான் கேட்பார்கள்:

நான் யாரையும் காதலிக்கவில்லை. யாரும் என்னை இங்கே கஷ்டப்படுத்தவும் இல்லை.

அம்மாவிடம் நீங்களே சொல்லுங்கள். உங்கள் வாயால் கேட்டால் பயப்படமாட்டார்கள்.

உங்கள் மகள்,
ஜெசி


கிளியனூர்
10 பிப்ரவரி 2024

ஜெசிக்கு,

உன் கடிதம் வந்ததிலிருந்து அதைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறேன். அம்மாவிடம் சொல்லவில்லை. அவளிடம் சொன்னால் அது நிஜமாகிவிடும்.

கோபத்தில் எழுதிய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். நான் இந்த ஊரில் எப்படித் தலை நிமிர்ந்து நடப்பேன் என்று ஒரு நிமிஷமாவது யோசித்தாயா? கல்யாணமோ சாவோ, ஜெபம் சொல்ல என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். வாசகப் பீடத்தில் நிற்கிறவன் நான். நாளைக்கு நான் வாயைத் திறந்தால், "பெத்த மகளுக்குச் சொல்லத் தெரியல, நமக்குச் சொல்ல வந்துட்டாரு" என்று நினைக்கமாட்டார்களா? மோட்டார் ரிப்பேரைப் பார்த்துக் குதித்தேன் என்று எழுதுகிறாய். விளையாட்டுப் புத்தி இன்னும் போகவில்லை.

சரி. நடந்தது நடந்துவிட்டது. ஒரு வழி சொல்கிறேன், நிதானமாகக் கேள்.

முதல் வார்த்தைப்பாடு ஒரு வருஷத்துக்குத்தானே? வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும் என்று நீதான் சொன்னாய். மே மாதம் கொடுத்துவிடு. ஊர் ஜனங்கள் வந்து பார்த்து, சாப்பிட்டுப் போகட்டும். வருஷம் முடிந்ததும் புதுப்பிக்காமல் சத்தமில்லாமல் வந்துவிடு. அதற்குள் எல்லாருக்கும் வேறு பேச்சு கிடைத்துவிடும். நானும் மெல்ல மெல்லச் சொல்லிக்கொள்வேன். இது பாவமில்லை. சபையே தந்திருக்கும் வசதிதான்.

ஒரே ஒரு வருஷம், ஜெசிம்மா. இவ்வளவு காலம் இருந்தவளுக்கு அது பெரிதா? அப்பாவுக்காக.

இருதயநாதன்


விழுப்புரம்
18 பிப்ரவரி 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

தவக்காலம் தொடங்கிவிட்டது. ஒருசந்தி என்று நீங்கள் காலையில் வெறும் காப்பியோடு நிறுத்திக்கொள்வீர்கள், பதினோரு மணிக்கு அம்மாவோடு சண்டை வரும். கேப்பைக் கூழாவது குடியுங்கள்.

நீங்கள் சொன்ன வழியை உடனே தள்ளிவிடவில்லை. கேட்டது என் அப்பா. அதனால் அதைக் கோயிலுக்கே எடுத்துப் போய் உட்கார்ந்தேன். வார்த்தைப்பாட்டு ஜெபத்தை மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். பீடத்துக்கு முன்னால் முழந்தாளிட்டு, எல்லார் காதிலும் விழும்படி அதைச் சொல்ல வேண்டும். அதில் "முழு மனதோடு" என்று ஒரு வார்த்தை வருகிறது. அந்த வார்த்தையை நான் என்ன செய்யட்டும், அப்பா?

மற்றதை எல்லாம் ஒரு வருஷம் சுமந்துவிடுவேன். சட்டத்தில் இடம் இருக்கிறது என்பதும் தெரியும். அந்த ஒரு வார்த்தையைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. என் பக்கத்தில் முழந்தாளிடப் போகிற பிள்ளைகள் அதை நிஜமாகவே சொல்லப் போகிறார்கள். அவர்கள் நடுவில் நான் நடிக்கக் கூடாது. சின்ன வயசில் புதுநன்மை வகுப்பில் எங்களை வரிசையாக நிற்கவைத்து, "ஆமென் சொல்றதுக்கு முன்னாடி எதுக்குச் சொல்றோம்னு தெரிஞ்சிருக்கணும், தெரியலன்னா வாயத் தெறக்காத" என்று அதட்டினது நீங்கள்தான்.

உங்களுக்குத் தலைகுனிவு வரும் என்று தெரியும். அது எனக்கு வலிக்காது என்று நினைக்காதீர்கள். நீங்கள் பேனருக்குக் கேட்ட படத்தை எடுத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன், அழுதேன். அழுது முடித்த பிறகும் முடிவு அப்படியே நின்றது.

மார்ச் மாதம் வருகிறேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை என்றால் தயவுசெய்து சொல்லிவிடுங்கள்.

மாறாத அன்புடன்,
ஜெசி


கிளியனூர்
26 பிப்ரவரி 2024

ஜெசிக்கு,

அம்மாவிடம் சொன்னேன். "புள்ள சாப்பிடுதா, எளச்சிருக்குதா?" என்றுதான் கேட்டாள். நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து என்னைத் தனியாக நிறுத்திவிட்டீர்கள்.

சாமியாரிடமும் சொன்னேன். வேனை நிறுத்தியாகிவிட்டது. ஆனால் ஊரில் கேட்கிறார்களே, அவர்களுக்கு என்ன சொல்ல? உனக்கு மஞ்சள் காமாலை, டாக்டர் ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டார் என்று சொல்லியிருக்கிறேன். நீயும் அதையே சொல்ல வேண்டும். ஏற்கெனவே எதிர்வீட்டுக் கிளியம்மாள் கீழாநெல்லியை அரைத்து உருண்டை பிடித்துக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அதை என்ன செய்வது என்று தெரியாமல் அம்மா பிரிட்ஜில் வைத்திருக்கிறாள்.

நேராக இங்கே வராதே. கண்டாச்சிபுரத்தில் உன் அத்தை வீட்டில் கொஞ்ச நாள் இரு. பேச்சு ஓய்ந்த பிறகு, உடம்பு தாங்கவில்லை என்று மடத்திலிருந்தே அனுப்பிவிட்டார்கள் என்று சொல்லிக்கொள்ளலாம். அப்புறம் ஒரு நல்ல இடமாகப் பார்ப்போம்.

என்னிடம் நீ ஒன்றை மறுத்துவிட்டாய். இதையாவது கேள்.

அப்பா


திண்டிவனம்
7 ஏப்ரல் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் போன் செய்தால் எடுக்க மறுக்கிறீர்கள். பழகிய வழியிலேயே வருகிறேன்.

குருத்து ஞாயிறன்று அத்தை வீட்டுக்குப் போகாமல் நான் அப்படி வந்து நின்றது உங்களுக்குப் பெரிய அடி என்று தெரியும். நீங்கள் உள்ளே போய்விட்டதால் வெளியே பேசியது முழுக்க உங்கள் காதில் விழுந்திருக்காது. ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லியிருப்பார்கள். நானே எழுதிவிடுகிறேன்.

காலை முதல் பஸ்ஸில் வந்து கிளியனூரில் இறங்கினேன். சுடிதார்தான் போட்டிருந்தேன். குருத்தோலை வாங்க எல்லாரும் கோயில் வாசலில் மாதா கெபி முன்னால் நின்றிருந்தார்கள். கிளியம்மாள் அக்கா என்னைப் பார்த்துவிட்டு ஓடி வந்து, என் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, என் கண்ணை விரித்துப் பார்த்தாங்க.

"கண்ணு வெள்ளையாத்தானேடி இருக்குது! காமாலை எறங்கிடுச்சா?"

அவங்க முகத்தில் அவ்வளவு கவலை. அந்த முகத்தைப் பார்த்து எப்படிப் பொய் சொல்வது?

"எனக்குக் காமாலை வரலக்கா. உடம்பு நல்லாத்தான் இருக்குது. கன்னியரா இருக்கிறது எனக்கு ஒத்துவராதுன்னு தெரிஞ்சுது, அதான் சொல்லிட்டு வந்துட்டேன்."

பக்கத்தில் நின்ற பிரான்சிஸ் மாமா, பங்குப் பேரவைத் தலைவர் ஆயிற்றே, எல்லார் காதிலும் விழுகிற மாதிரி கேட்டார்: "பையன் யாரும்மா?"

"பையன் யாரும் இல்ல மாமா."

"சும்மாவா வந்துட்ட? வேற எதுக்கு வந்த?"

"சும்மா இல்ல மாமா. யோசிச்சுத்தான் வந்தேன்."

அப்போதுதான் நீங்கள் வாசகப் புத்தகத்தோடு வெளியே வந்தீர்கள். என்னைப் பார்த்தீர்கள், அவர்களைப் பார்த்தீர்கள், திரும்பி உள்ளே போய்விட்டீர்கள். இயேசுவின் பாடுகளின் வாசகத்தை வேறு யாரோ படித்தார்கள். நான் கடைசிவரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நிறையப் பேர் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். முதல் பத்து நிமிஷம் காது சுட்டது. அப்புறம் பாட்டுக்கு வாயைத் திறந்தேன், நன்றாகவே பாடினேன்.

உங்களைப் பொய்யராக்க நான் வரவில்லை. என்னைப் பற்றிய பொய்யை என் வாயால் சொல்ல முடியவில்லை, அவ்வளவுதான். வீட்டில் சாயங்காலம்வரை உங்களுக்காகக் காத்திருந்தேன். அம்மா மூன்று தடவை சோறு போட்டாங்க.

இப்போது திண்டிவனத்தில் வேலைக்குப் போகும் பெண்கள் விடுதியில் இருக்கிறேன். காலையில் பஸ் பிடித்துக் கூட்டேரிப்பட்டுக்குப் போகிறேன். ஷாலினி அக்காவிடம் போய், "வேலை கத்துக்கிறேன், சேர்த்துக்குவீங்களா?" என்று கேட்டேன். "மடத்துல இருந்து ஓடியாந்தியா?" என்றாங்க. "சொல்லிட்டுத்தான் வந்தேன்" என்றேன். "அப்ப சரி, செருப்ப வெளிய விட்டுட்டு வா" என்றாங்க. கோடைக்காலம், மோட்டார்கள் வந்து குவிகின்றன. விரல் எல்லாம் கம்பி கிழித்த கோடு. காயிலுக்குப் பூசும் வார்னிஷ் வாடை தலைமுடியைவிட்டுப் போவதில்லை. ஞாயிறு பூசைக்குத் தவறாமல் போகிறேன், அதையும் விட்டுவிட்டேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

எனக்குக் கோபம் இல்லை. உங்கள் கோபம் தீர்கிறபோது எழுதுங்கள்.

உங்கள் மகள்,
ஜெசி


திண்டிவனம்
5 மே 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்களிடமிருந்து கடிதம் இல்லை.

போன வாரம் அம்மா தனியாகவே பஸ் ஏறி விடுதிக்கு வந்துவிட்டாங்க. முழங்காலைப் பிடித்துக்கொண்டு இரண்டு மாடி ஏறி, என் கட்டிலைத் தட்டிப் பார்த்து, "மெத்த வாங்கு" என்றாங்க. நல்லாயன் ஞாயிறன்று பேசமாட்டேன் என்று நீங்கள் சாமியாரிடம் சொல்லிவிட்டதாக அவங்கதான் சொன்னாங்க. என்னால் உங்கள் வாய் அடைத்துப்போயிற்றோ என்று கஷ்டமாக இருக்கிறது. நீங்கள் பேசினால் கேட்க எனக்குப் பிடிக்கும் அப்பா. சின்ன வயசில் நான் கோயிலுக்கு வந்ததே பாதி அதற்காகத்தான்.

இன்றைக்கு விழுப்புரத்தில் என்னோடு இருந்த பிள்ளைகளுக்கு வார்த்தைப்பாடு. நான் போயிருந்தேன். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். "முழு மனதோடு" என்று ஒவ்வொருத்தியும் சொன்னபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. முடிந்ததும் பயிற்சி சிஸ்டர் வந்து என் கையைத் திருப்பிப் பார்த்து, "என்னடி இது, கையெல்லாம் கோடு?" என்று கேட்டாங்க. எல்லாரோடும் பந்தியில் சாப்பிட்டுவிட்டு வந்தேன். நிம்மதியாக இருக்கிறேன்.

பதில் எழுத வேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. நான் எழுதிக்கொண்டுதான் இருப்பேன்.

ஜெசி


கிளியனூர்
9 ஜூன் 2024

அன்பு மகள் ஜெசிக்கு,

உன் கடிதம் இரண்டும் கிடைத்தன. பதில் எழுத உட்கார்ந்தபோதெல்லாம் பிரசங்கமாகவே வந்தது. அதனால் எழுதவில்லை. இப்போது எழுத ஒரு சேதி இருக்கிறது.

போன மாதக் கடைசியில் பிரான்சிஸ் தன் மகள் கிளாராவை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பன்னிரண்டாவது முடித்திருக்கிறாள். அவளை மடத்தில் சேர்க்க வேண்டும், உபதேசியார் கையால் ஒரு சிபாரிசுக் கடிதம் வேண்டும் என்றார். "இந்தத் தடவையாவது நம்ம ஊர் பேர் கெடாம இருக்கட்டும்" என்று வேறு சொன்னார். அந்தக் குத்தலை நான் வாங்கிக்கொண்டேன். பேப்பரை எடுத்து, தேதியும் போட்டுவிட்டேன். அந்தப் பெண் சுவர் ஓரமாக நின்று துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டிருந்தாள். பிரான்சிஸிடம் ஒரு நிமிஷம் வெளியே இருங்கள் என்றேன்.

"கிளாரா, உனக்குப் போகணுமாம்மா?"

"அப்பா சொல்றாருங்க."

"அப்பா சொல்றது எனக்குக் கேட்டுச்சு. உன்னக் கேக்கறேன்."

அவள் வாசலைப் பார்த்தாள். அம்மா அடுப்படியிலிருந்து வந்து கதவைச் சாத்தினாள். அதன் பிறகு கிளாரா சொன்னாள்: "நர்சுக்குப் படிக்கணுங்க. மடத்துக்குப் போக எனக்கு இஷ்டமில்லங்க. அப்பாகிட்ட சொன்னா பேஜாராயிடும்."

நான் பேப்பரை மடித்து உள்ளே வைத்தேன். பிரான்சிஸைக் கூப்பிட்டு, இந்தக் கடிதத்தை என்னால் எழுத முடியாது என்றேன். ஏன் என்றார். "புள்ளைக்கு இஷ்டமில்ல. இஷ்டம்னு நான் எழுதினா அது பொய்" என்றேன். அவர் எழுந்து நின்று கத்தினது விருத்தாசலம் வீடுவரை கேட்டிருக்கும்.

"உன் பொண்ணு ஓடியாந்தா, எம் பொண்ணையும் கெடுக்கப் பாக்குறியா?"

இத்தனை நாளாக யார் எது சொன்னாலும் குனிந்துகொண்டு போனவன்தான் நான். அன்றைக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

"எம் பொண்ணு ஓடியாரல பிரான்சிஸ். சொல்லிட்டு, பட்டப்பகல்ல, பஸ்ல வந்து எறங்கினா. நீயே பாத்தே."

அவர் போய்விட்டார். கிளாராவை என்ன செய்வாரோ என்று எனக்குக் கவலை. அம்மா தினமும் ஏதாவது சாக்கு வைத்து அந்த வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள். நர்சிங் விண்ணப்பம் வாங்கிக் கொடுத்திருப்பதாகத் தெரிகிறது, என்னிடம் சொல்லவில்லை. பிரான்சிஸ் பேரவையில் பேசி என்னை வாசகத்திலிருந்து நிறுத்தி வைக்கச் செய்துவிட்டார். சாமியார், கொஞ்ச நாள் பொறுங்கள் என்கிறார். வருத்தம் தெரிவித்தால் சரியாகிவிடும் என்று இரண்டு பேர் தூது வந்தார்கள். தெரிவிக்கப் போவதில்லை. இப்போது நடு பெஞ்சில் உட்கார்ந்து பூசை காண்கிறேன். அங்கிருந்து பார்த்தால் கோயில் வேறு மாதிரிதான் இருக்கிறது. பிள்ளைகள் தூங்குவதுகூடத் தெரிகிறது.

ஒன்றை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். உன்னை வெள்ளை உடுப்பில் பார்க்க எனக்கு ஆசை இருந்தது. இப்போதும் இருக்கிறது. சில நாள் காலையில் அதை நினைத்துக்கொண்டே எழுந்திருக்கிறேன். எல்லாம் நன்மைக்கே, அப்பாவுக்குச் சந்தோஷம் என்று எழுதினால் அம்மா நம்புவாள், நீ நம்பமாட்டாய். அதனால் எழுதவில்லை. வருத்தம் இருக்கிறது. அது என்னுடையது, அதை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ அதற்காக ஒன்றும் செய்ய வேண்டாம்.

அடுத்த புதன்கிழமை நானும் அம்மாவும் வருகிறோம். விடுதிக்கு இல்லை, கூட்டேரிப்பட்டுக் கடைக்கே வருகிறோம். எங்களைப் பார்த்ததும் வேலையைப் போட்டுவிட்டு எழுந்து வராதே. கையில் இருப்பதைக் கட்டி முடி. அதுவரை ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

உன் அப்பா,
இருதயநாதன்